கட்டும் விமானத்துக்கு எந்த ஏடிஎஸ்-பி? வாசகர் கேள்விகள்

இம்முறை வந்திருக்கும் கேள்விகள் அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களுடையவை. அதனால் பதில்களும் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வின் விதிகளை ஒட்டியே இருக்கின்றன. விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் நொடிக்கு ஒரு முறையாவது வானொலி அலையில் அறிவித்துக்கொண்டே இருப்பதுதான் ஏடிஎஸ்-பி அவுட்.

கேள்வி: நான் கட்டும் ஆர்வி-9 விமானம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறிய ஓடுதளத்திலிருந்துதான் பறப்பேன். ஏடிஎஸ்-பி கட்டாயமா, வேண்டாத செலவா?

எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைவிட எங்கெல்லாம் போவீர்கள் என்பதே முக்கியம். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 91.225 விதிப்படி ஏ, பி, சி வகுப்பு வான்வெளிகளில் இது கட்டாயம். பி, சி வகுப்புகளின் எல்லைக்கு நேர் மேலே 10,000 அடி வரையிலும் வேண்டும். பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வட்டத்துக்குள் தரையிலிருந்து 10,000 அடி வரை வேண்டும். இ வகுப்பில் கடல் மட்டத்திலிருந்து 10,000 அடியும் அதற்கு மேலும் வேண்டும். தரையிலிருந்து 2,500 அடிக்குள் இருக்கும் மலைப்பகுதி மட்டும் இதில் விலக்கு. வரைபடத்தை விரித்து, நீங்கள் வழக்கமாகப் போகக்கூடிய ஊர்களுக்குக் கோடு போட்டுப் பாருங்கள். அந்த 30 மைல் வட்டத்தை ஒரு கோடு கூடத் தொடாதவர்கள் மிகக் குறைவு.

எப்போதாவது ஒரு முறை மட்டும் உள்ளே போக வேண்டியிருந்தால், டிரான்ஸ்பாண்டர் (ரேடார் விசாரிக்கும்போது பதில் அனுப்பும் கருவி) உள்ள விமானங்களுக்கு எஃப்ஏஏ-வின் ‘அடாப்ட்’ இணையப் படிவம் இருக்கிறது. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். நெரிசல் மிகுந்த நிலையங்களுக்கு அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வழக்கமாகப் பறக்க இது வழியல்ல.

கருவியைப் பொருத்திவிட்டால் அது பறக்கும்போது எல்லா இடத்திலும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ‘வட்டத்துக்குள் போகும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம்’ என்று தனி சுவிட்ச் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 978, 1090 மெகாஹெர்ட்ஸ் இரண்டில் எதில் ஒலிபரப்பும் கருவியை வாங்குவது? 978 மலிவு என்கிறார்கள்.

மலிவா இல்லையா என்பது உங்கள் பேனலில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1090 மெகாஹெர்ட்ஸ் வழி என்றால் மோட்-எஸ் வகை டிரான்ஸ்பாண்டரே நீட்டிக்கப்பட்ட செய்தியில் உங்கள் இடத்தையும் சேர்த்து அனுப்பிவிடும். ஒரே பெட்டி இரண்டு வேலையையும் செய்யும். 978 மெகாஹெர்ட்ஸ் யுஏடி என்பது தனிக் கருவி. அதை வாங்கினாலும் மோட்-சி டிரான்ஸ்பாண்டர் (பதிலில் உயரத்தையும் சொல்லும் பழைய வகை) வேண்டிய இடங்களில் அது வேண்டியதுதான். விலைப்பட்டியலைப் பார்க்கும்போது பலர் தவறவிடுவது இதைத்தான்.

நன்றாக வேலை செய்யும் மோட்-சி டிரான்ஸ்பாண்டர் கையில் இருந்தால் 978 உண்மையிலேயே மலிவு. யூஏவியானிக்ஸின் ஸ்கைபீக்கன் இடது இறக்கை முனையிலுள்ள சிவப்பு விளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், அதே வயரில் மாட்டிக்கொள்ளும் கருவி. ஜிபிஎஸ், ஒலிபரப்பி, விளக்கு மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. டெயில்பீக்கன் வால் விளக்கின் இடத்தில் உட்காரும். இவற்றின் விலை 2,000 டாலரை ஒட்டி இருக்கும். பொருத்த ஒரு மாலை நேரம் போதும். எக்கோயுஏடி சோதனை வகை (சொந்தமாகக் கட்டும் விமானங்கள் சேரும் வகை) விமானங்களுக்கான சிறிய பெட்டி. அதற்கு ஸ்கைஃபிக்ஸ் போன்ற தகுதியுள்ள ஜிபிஎஸ் தனியாக வேண்டும். கார்மினின் ஜிடிஎல் 82 டிரான்ஸ்பாண்டருக்கும் அதன் ஆன்டெனாவுக்கும் நடுவில் கோஆக்ஸ் கேபிளில் உட்கார்ந்துகொள்வதால் வயிற்றுப்பக்கம் இன்னொரு ஆன்டெனாவுக்குத் துளை போட வேண்டாம்.

வெறும் பேனலோடு தொடங்குகிறவருக்கு எங்கள் பதில் 1090தான். பழைய மோட்-சி பெட்டி, அதற்கு உயரத்தைச் சொல்லும் என்கோடர், அதற்கு மேல் ஒரு யுஏடி என்று கூட்டிப்பார்த்தால் மிச்சம் பெரிதாக ஒன்றும் நிற்காது. தவறு நேரக்கூடிய இணைப்புகள்தான் கூடும். டிரிக் டிடி22 உடன் டிஎன்72 ஜிபிஎஸ், உள்ளேயே ஜிபிஎஸ் கொண்ட கார்மின் ஜிடிஎக்ஸ் 335, டைனன் திரை வைத்திருப்பவர்களுக்கு எஸ்வி-எக்ஸ்பிஎன்டிஆர்-261 உடன் எஸ்வி-ஜிபிஎஸ்-2020: இவையெல்லாம் பலர் பொருத்திப் பழகிய ஜோடிகள். ஆன்டெனா, கேபிள் எல்லாம் சேர்த்து 3,000 டாலரைத் தாண்டும். உங்கள் திரை எந்த நிறுவனத்துடையதோ அதே நிறுவனத்தின் டிரான்ஸ்பாண்டரை வாங்கினால் ஸ்குவாக் எண்ணை (கட்டுப்பாட்டாளர் தரும் அடையாள எண்) திரையிலிருந்தே மாற்றலாம். பேனலில் ஓர் ஓட்டையும் மிச்சம்.

ஓர் எச்சரிக்கை. டிரிக் டிடி21, டிடி22 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். டிடி21 சுமார் 130 வாட். அதன் ஏடிஎஸ்-பி வகுப்பு பி0. அமெரிக்க விதி 91.227 குறைந்தது ஏ1, ஏ1எஸ், பி1 போன்ற வகுப்புகளைக் கேட்கிறது. 250 வாட் டிடி22 அதில் தேறும், டிடி21 தேறாது. சந்தையில் டிடி21 குறைந்த விலைக்குக் கிடைப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

18,000 அடிக்கு மேலே ஏ வகுப்பில் 978 செல்லாது. எல்லை தாண்டுவோருக்கும் 978 உதவாது. கனடாவில் ஏ வகுப்பில் 2023 ஆகஸ்ட் முதலும், பி வகுப்பில் 2024 மே முதலும் 1090 கட்டாயம். அதுவும் செயற்கைக்கோள் கேட்கும்படி, மேலும் கீழும் ஆன்டெனா வைத்த ‘டைவர்சிட்டி’ அமைப்பு அல்லது அதற்கு ஈடான ஒன்று வேண்டும். கனடாவில் அந்த வகுப்புகளுக்குள் போக எண்ணமுண்டு என்றால் இப்போதே டைவர்சிட்டி வகையை வாங்குங்கள், அல்லது முதுகுப்பக்கத் தோலை மூடுமுன் இரண்டாவது ஆன்டெனாவுக்குக் கேபிளாவது ஓட்டிவையுங்கள்.

கேள்வி: சோதனை வகை விமானத்துக்கு டிஎஸ்ஓ சான்று (கருவிகளுக்கான எஃப்ஏஏ தரச் சான்று) தேவையில்லை என்கிறார்கள். அப்படியானால் டிரோன்களில் வரும் சிறிய ஜிபிஎஸ் தொகுதி ஒன்றை டிரான்ஸ்பாண்டரோடு இணைத்தால் என்ன? அதுவும் இரண்டு மீட்டர் துல்லியம் தருகிறதே.

கேள்வியின் முதல் பாதி சரி. சோதனை வகைக்கு டிஎஸ்ஓ முத்திரை தேவையில்லை. ஆனால் டிஎஸ்ஓ-சி166பி (1090) அல்லது டிஎஸ்ஓ-சி154சி (978) தரத்தின் செயல்திறன் தேவை. அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. நடைமுறையில், ‘இந்தக் கருவி 91.227-ஐ நிறைவேற்றுகிறது’ என்று தயாரிப்பாளர் எழுத்தில் தரும் ஒப்புகையை வாங்கி விமான ஆவணங்களோடு வைப்பதுதான் வழி. அந்தத் தாள் இல்லாத கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தொழிற்சாலையில் கட்டி விற்கும் லைட்-ஸ்போர்ட் விமானத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அதற்கு விமானத் தயாரிப்பாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

இரண்டாவது பாதியில்தான் சிக்கல். துல்லியம் வேறு, நம்பகம் வேறு. டிரோன் தொகுதி நல்ல வானத்தில் இரண்டு மீட்டருக்குள் இடம் சொல்லும், உண்மைதான். ஒரு செயற்கைக்கோள் தவறான நேரத்தை அனுப்பினாலோ எதிரொலி புகுந்தாலோ, தான் தவறாகச் சொல்கிறோம் என்று அதற்குத் தெரியாது. விதி கேட்பது அந்தத் தெரிதலைத்தான்.

91.227 ஐந்து எண்களைப் பார்க்கிறது. என்ஏசி-பி 8 என்றால் இடப்பிழை 0.05 கடல் மைலுக்குள், அதாவது 92.6 மீட்டருக்குள். என்ஏசி-வி 1 என்றால் வேகப்பிழை நொடிக்கு 10 மீட்டருக்குள். இவ்விரண்டையும் உங்கள் சிறிய தொகுதி எளிதாகத் தாண்டிவிடும். அடுத்தது என்ஐசி 7: ‘உண்மையான இடம் இந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது’ என்று கருவி உத்தரவாதம் தரும் ஆரம் 0.2 கடல் மைலுக்குள் இருக்க வேண்டும். எஸ்ஐஎல் 3: அந்த உத்தரவாதம் எச்சரிக்கை இல்லாமல் பொய்க்கும் வாய்ப்பு கோடியில் ஒன்று என்ற அளவுக்குள். எஸ்டிஏ 2: கருவியின் வன்பொருளும் மென்பொருளும் பழுதாகித் தவறான தகவலை அனுப்பும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குள். கடைசி இரண்டும் ஜிபிஎஸ் அளந்து சொல்லும் எண்களே அல்ல. வடிவமைப்பை ஆராய்ந்து தயாரிப்பாளர் நிறுவிய தகுதிகள் அவை. பொருத்தும்போது கருவியின் அமைப்புப் பக்கத்தில் எழுதப்படுகின்றன. டிரோன் தொகுதியை மாட்டிவிட்டு எஸ்ஐஎல் 3 என்று தட்டச்சு செய்ய யாராலும் முடியும். அப்படிச் செய்தால் சுற்றியுள்ள விமானங்களுக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் பொய் வாக்குறுதி கொடுக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வாஸ் (ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் செயற்கைக்கோள் சேவை) வசதியுள்ள, சி145 அல்லது சி146 தரத்துக்கு இணையான ஜிபிஎஸ் இந்த ஐந்தையும் நிறைவேற்றும். இன்னொன்றும் உண்டு: அளந்த நேரத்திலிருந்து ஒலிபரப்பும் நேரம் வரை மொத்தத் தாமதம் 2 நொடிக்குள், அதில் ஈடுசெய்யப்படாத பகுதி 0.6 நொடிக்குள் இருக்க வேண்டும். அதனால்தான் இந்த ஜிபிஎஸ்ஸுக்கு இந்த டிரான்ஸ்பாண்டர் என்று ஜோடியாக அங்கீகரிக்கிறார்கள். திரைக்கு வழிகாட்டும் சாதாரண ஜிபிஎஸ், டைனனின் பழைய எஸ்வி-ஜிபிஎஸ்-250 உட்பட, இந்த வேலைக்கு ஆகாது.

கேள்வி: பழைய கருவி ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் எஃப்ஏஏ-வின் பாதுகாப்பு ஆணைகளில் அதன் மாதிரி எண் இருக்கிறதா என்று தேடுங்கள். நேவ்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஏடிஎஸ்600-பி கருவிகள் சிலவற்றின் மீது 2017-இல் ஆணை பிறந்தது: உள்ளிருக்கும் ஜிபிஎஸ் தகுதி பெறாத நிலையில் எஸ்ஐஎல் 3 என்று ஒலிபரப்பின என்பது காரணம். அவை இன்றும் கைமாறக்கூடும்.

அடுத்தது மென்பொருள் பதிப்பு. புதுப்பிக்க யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மாட்டும் தட்டும் பின்பக்க இணைப்பானும் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். அவற்றைத் தனியே வாங்கினால் மிச்சம் கரைந்துவிடும். பொருத்திய உடனே பழைய உரிமையாளரின் 24 பிட் முகவரியை (ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய அடையாள எண்) அழித்து உங்களுடையதை எழுதுங்கள். மறந்தால் வானத்தில் வேறொரு விமானத்தின் பெயரில் பறப்பீர்கள்.

கேள்வி: இறக்கை விளக்கு வகை 978 கருவியை மாட்டினேன். பறந்தபின் எஃப்ஏஏ தரும் ஏடிஎஸ்-பி அறிக்கையில் உயரமும் ஸ்குவாக்கும் விட்டுவிட்டு வருகின்றன. கருவி பழுதா?

பெரும்பாலும் இல்லை. இந்த வகைக் கருவிக்கு உயரத்தைச் சொல்ல உங்கள் டிரான்ஸ்பாண்டரிலிருந்து தனி வயர் கிடையாது. டிரான்ஸ்பாண்டர் ஒவ்வொரு முறை பதில் அனுப்பும்போதும் விமானத்தின் மின் வயரில் ஏற்படும் சிறு துடிப்பை அது ஒட்டுக்கேட்டு, உயரத்தையும் ஸ்குவாக்கையும் பிரித்தெடுக்கிறது. ரேடார் விசாரிக்காத தாழ்ந்த உயரத்தில் டிரான்ஸ்பாண்டர் பதிலே அனுப்பாது. அப்போது ஒட்டுக்கேட்க ஒன்றும் இருக்காது. எனவே முதலில் ரேடார் நன்றாகக் கேட்கும் உயரத்தில் பறந்து அறிக்கை வாங்குங்கள்.

அங்கும் விட்டுவிட்டு வந்தால் கருவியின் செல்பேசிச் செயலியில் கண்டறியும் அளவை மாற்றிப் பாருங்கள். பிறகு விளக்குச் சுற்றின் பூமி இணைப்பைச் சோதியுங்கள். கண்ணாடியிழை இறக்கையில் பூமி வயர் தனியாக ஓடும். முனையில் துருவோ தளர்வோ இருந்தால் துடிப்பு தேய்ந்துபோகும். புதிய எல்இடி விளக்கு, விட்டுவிட்டுப் பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்கின் மின்பெட்டி இவை அதே வயரில் இரைச்சலைக் கொட்டுவதும் உண்டு; ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கருவியின் துடுப்பு செங்குத்தாக நிற்கவும் வேண்டும். குழிவான கண்ணாடிக்குள் விளக்கு பதிந்திருக்கும் இறக்கை முனைகளுக்கு இந்த வகை பொருந்தாது.

இரவு விளக்குச் சுவிட்சில்தான் கருவிக்கு மின்சாரம் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். பகலிலும் அந்தச் சுவிட்ச் போட்டபடியே இருக்க வேண்டும். சுவிட்சுக்கு அருகில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: முழுக் கூட்டுப்பொருள் (கண்ணாடியிழை, கார்பன் இழை) விமானம். ஆன்டெனாக்களை எங்கே வைப்பது?

1090-இல் கால் அலைநீளம் சுமார் 6.9 செ.மீ., 978-இல் 7.7 செ.மீ. அந்த நீளமுள்ள குட்டை ஆன்டெனாத் தண்டு வேலை செய்ய அதன் அடியில் உலோகத்தளம் வேண்டும். அலுமினியத் தோல் உள்ள விமானத்தில் அது இயல்பாகவே கிடைக்கிறது. கண்ணாடியிழையில் நீங்கள்தான் செய்ய வேண்டும்: சுமார் 30 செ.மீ. சதுர அலுமினியத் தகடு அல்லது செம்புத் தாள், உள்பக்கம் ஒட்டி, ஆன்டெனாவின் அடிப்பகுதியோடு நேரடி உலோகத் தொடர்பு இருக்கும்படி. தகட்டில் பெயின்ட் இருந்தால் தொடர்புள்ள இடத்தைச் சுரண்டி எடுங்கள். கண்ணாடியிழைக்கு உள்ளேயே ஆன்டெனாவை வைக்கலாம். கார்பன் இழைக்குள் வைத்தால் அலை வெளியே வராது. ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் இதே கதைதான்: கார்பன் என்றால் வெளியே.

டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனா வயிற்றுப்பக்கம், சக்கரக் கால், புகைக்குழாய் இவற்றிலிருந்து தள்ளி. இருக்கைக்கு நேர் கீழே வேண்டாம். தனி யுஏடி ஆன்டெனா இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, ஒன்று பேசும்போது மற்றது காதைப் பொத்திக்கொள்ளும் சப்ரெஷன் வயரையும் கையேட்டில் உள்ளபடி இணையுங்கள்.

கேபிள் ஆர்ஜி-400. பழைய ஆர்ஜி-58 வேண்டாம். ஆர்ஜி-400-இலேயே இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு அரை டெசிபலுக்குச் சற்று மேல் இழப்பு. டிடி22-க்கு இணைப்பான்கள் உட்பட 1.5 டெசிபல்தான் வரம்பு. அதாவது ஏறத்தாழ 2.5 மீட்டர். 3 டெசிபல் போனால் பாதி வாட் கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். பெட்டியை வால்பக்கம் தள்ளி வைத்து கேபிளைக் குறைப்பது, பேனலில் வைத்து நான்கு மீட்டர் ஓட்டுவதைவிட நல்லது.

ஜிபிஎஸ் ஆன்டெனாவை விஎச்எஃப் (பேச்சு வானொலி) ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளுங்கள். முடித்தபின் ஒரு சோதனை: விஎச்எஃப்-ஐ 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொன்றாக வைத்து, அந்த அலைவரிசையில் யாரும் பேசவில்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, சுமார் அரை நிமிடம் அனுப்புப் பொத்தானை அழுத்துங்கள். 121.175-இன் 13 மடங்கும் 131.275-இன் 12 மடங்கும் ஜிபிஎஸ்ஸின் 1575.42-ஐ உரசிக்கொண்டு நிற்கின்றன. ஜிபிஎஸ் தடம் இழந்தால் ஆன்டெனாவை நகர்த்துங்கள், அல்லது விஎச்எஃப் கேபிளில் வடிகட்டி போடுங்கள். மலிவான யுஎஸ்பி சார்ஜரும் கேமராவும் இதே கெடுதலைச் செய்யும்.

கேள்வி: எல்லாம் இணைத்தாகிவிட்டது. எஃப்ஏஏ அறிக்கையில் சிவப்புக் கட்டங்கள். எங்கிருந்து தொடங்குவது?

நல்ல வேலை செய்தீர்கள். அந்த இலவச அறிக்கையைக் கேட்டு வாங்குவதே பலர் செய்யாத காரியம். விதி பொருந்தும் வான்வெளியில் அரை மணி நேரமாவது பறந்த தரவோடு வாங்கினால்தான் அதை நம்பலாம்.

24 பிட் முகவரியில் பிழை என்றால்: எஃப்ஏஏ பதிவேட்டில் அது எட்டு இலக்க எண்ம (ஆக்டல்) வடிவிலும் ஆறு இலக்கப் பதினறும (ஹெக்ஸ்) வடிவிலும் இருக்கும். கருவி எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள். சுழியத்தையும் ஆங்கில எழுத்து ‘ஓ’வையும் குழப்ப வேண்டாம். பதிவு எண்ணை மாற்றினால் இதுவும் மாறும். விமான அடையாளத்தில் முன்னே உள்ள ‘என்’ எழுத்தை விட்டுவிடுவது இன்னொரு வழக்கமான பிழை. இடைவெளி, கோடு எதுவும் கூடாது.

என்ஐசி, என்ஏசி-பி பறப்பின் தொடக்கத்தில் மட்டும் சிவந்தால், ஜிபிஎஸ் முழுத் தகுதிக்கு வருமுன் கிளம்பியிருக்கிறீர்கள். பறப்பு முழுக்க என்றால் ஆன்டெனா இடம் அல்லது குறுக்கீடு. எல்லாமே சுழியம் என்றால் வரிசைத்தொடர்பைப் பாருங்கள்: அனுப்பும் வயரும் பெறும் வயரும் மாறியிருக்கும், அல்லது இரு பெட்டிகளின் வேகமும் வடிவமும் ஒத்திருக்காது. கார்மின் கருவிகளில் ‘ஏடிஎஸ்-பி பிளஸ்’ என்ற வடிவைத் தேர்ந்தெடுக்காமல் சாதாரண ஜிபிஎஸ் வடிவில் விட்டால் இடம் வரும், நம்பக எண்கள் வராது. தரையில் ஓடும்போதும் ‘பறக்கிறேன்’ என்று சொன்னால், தரை-வானம் அமைப்பைத் திருத்துங்கள். சக்கரத்தில் சுவிட்ச் இல்லாத விமானங்களில் ஸ்டால் வேகத்தை (இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம்) சரியாக உள்ளிட்டாலே போதும். விமானத்தின் நீளம், அகலம், எடை வகை, ஜிபிஎஸ் ஆன்டெனாவின் தூரம் ஆகியவற்றையும் ஒரு முறை சரிபாருங்கள்.

டிரான்ஸ்பாண்டரைப் பொருத்தியதும், பிறகு 24 மாதத்துக்கு ஒரு முறையும், 91.413 சோதனை வேண்டும். விமானத்தை நீங்களே கட்டியிருந்தாலும் இதை உரிய தகுதி பெற்ற பழுதுபார்ப்பு நிலையத்திடம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ‘ஏடிஎஸ்-பி இன்’, அதாவது பிற விமானங்களின் அறிவிப்பையும் வானிலையையும் கேட்கும் கருவி, வாங்க வேண்டுமா?

விதி கேட்கவில்லை, நாங்கள் வாங்கச் சொல்வோம். வானிலைத் தகவல் 978-இல் மட்டுமே வருகிறது, பிற விமானங்கள் இரண்டு அலைவரிசையிலும் பேசுகின்றன. ஆகவே இரண்டையும் கேட்கும் ரிசீவராக இருக்கட்டும். கையில் எடுத்துச் செல்லும் வகையே போதும்.

ஆனால் அவுட் கருவியின் அமைப்பில் ‘978 கேட்கிறேன், 1090 கேட்கிறேன்’ என்ற இரு குறிகளையும் போட மறக்காதீர்கள். அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் தரை நிலையம் உங்களைச் சுற்றி 15 கடல் மைலுக்குள், உங்களுக்கு மேலும் கீழும் 3,500 அடிக்குள் இருக்கும் விமானங்களின் ரேடார் தகவலை அனுப்புகிறது. குறி இல்லாவிட்டால் பக்கத்தில் யாருக்காவது அனுப்பும்போது மட்டும் உங்களுக்கும் கேட்கும். திரையில் சில விமானங்கள் தெரியும், சில தெரியாது.